பட்டினிக் குடுவை

அந்த ஆராய்ச்சிக்கூடத்தின் மூன்றாம் மாடியில் எல்லோருக்கும் அவள் அக்காதான். புரொபசருக்கும் அக்கா. அவர் இவளைவிடப் பதினொரு வயது மூத்தவர் என்பதை எடுத்துச் சொல்லும் துணிச்சல் வேறு யாருக்கும் இல்லை. அக்காவுக்கு இருந்தது. ஆனால் அந்த மரியாதை அவளுக்குப் பிடித்திருந்ததால் வாயைத் திறக்காமல் அனுபவித்துக்கொண்டிருந்தாள்.

அவளுடைய ராஜ்ஜியம் செல் வளர்ப்பு அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி. உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இரண்டு பெட்டிகள், ஒரு நுண்ணோக்கி, கண்ணாடித் திரை போட்ட மேசை, ஒரு குளிர்பெட்டி, மூலையில் ஆள் உயரத்துக்கு வாயு சிலிண்டர்கள். பெட்டிகளுக்குள் தட்டையான குடுவைகளில், ரோஸ் நிறத் திரவத்துக்கு அடியில், மனிதத் தோலிலிருந்து எடுத்த செல்கள் வளர்ந்துகொண்டிருக்கும். உள்ளே வருகிறவர் செருப்பைக் கழற்ற வேண்டும், கையைக் கழுவ வேண்டும், தும்மல் வந்தால் எந்த வேலையாக இருந்தாலும் போட்டுவிட்டு வெளியே ஓட வேண்டும். பத்தொன்பது வருடமாக இந்தச் சட்டம் நடந்துவருகிறது. ஒருமுறை உள்ளே தும்மிய ஒரு முதுகலை மாணவன் பிறகு வேறு துறைக்கே மாறிப்போனான்.

சட்டங்களிலேயே பெரிய சட்டம் நீல ஒட்டுநாடா. நீல நாடா ஒட்டிய குடுவை என்றால் பட்டினி. அதில் யாரும் கை வைக்கக் கூடாது.

செல்லைப் பட்டினி போடுவது கொடுமைக்காக அல்ல. மற்ற நாட்களில் அந்த ரோஸ் திரவத்தோடு சீரம் என்ற ஒன்றைச் சேர்ப்பார்கள். கன்றுக்குட்டியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிவான நீர் அது. ‘வளரு, வளரு’ என்று செல்லை உசுப்பிவிடும் சரக்கு அதில் ஏராளம். அவை போய் செல்லின் வாசலில் தட்டும். வாசலில் இருக்கும் புரதம் விழித்துக்கொண்டு அடுத்த புரதத்தைத் தட்டி எழுப்பும். அது அதற்கடுத்ததை எழுப்பும். இப்படிக் கைமாறிக் கைமாறிச் செய்தி உள்ளறைக்குப் போனதும் செல் வளரத் தொடங்கும். சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு இந்தப் புரதங்கள் எல்லாம் மறுபடி படுத்துத் தூங்கிவிட வேண்டும். தூங்கினால் ஆரோக்கியம், தூங்காவிட்டால் வியாதி, அவ்வளவுதான் விஷயம். சீரத்தை நிறுத்தி மூன்று நாள் பட்டினி போட்டால் ஒழுங்கான செல்லில் அத்தனையும் உறங்கிவிடும். யாரும் தட்டாமலே ஒரு புரதம் முழித்துக்கொண்டு கிடந்தால் கோளாறு அங்கேதான்.

வாண்டுவின் வலது காலில் அப்படி ஒரு கோளாறு இருக்கிறதா என்பதுதான் அந்த வருடம் மூன்றாம் மாடியின் ஒரே கேள்வி.

வாண்டுவுக்கு ஏழு வயது. அவளுடைய வலது கால் மட்டும் யாரையும் கேட்காமல் வளர்ந்துகொண்டிருந்தது. இடது காலைவிட நான்கு விரற்கடை நீளம், ஒன்றரைப் பங்கு பருமன். அம்மா தையல்காரி என்பதால் உடைக்குக் கவலையில்லை. செருப்புக்குத்தான் ஒவ்வொரு தடவையும் இரண்டு ஜோடி வாங்கி காலுக்கொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. செய்தி கைமாறும் வரிசையின் நடுவில் ஒரு புரதம் விழித்துக் கிடந்தால் அதைத் தூங்கவைக்க மாத்திரை உண்டு. ஆனால் அது லேசுப்பட்ட மாத்திரையல்ல. ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும், வாயெல்லாம் புண்ணாகும். “அந்தப் புரதம்தான் குற்றவாளின்னு நீங்க கறுப்பு வெள்ளையா காட்டுங்க. அது வரைக்கும் ஏழு வயசுக் குழந்தை வாயில நான் இதைப் போட மாட்டேன்” என்று ஆஸ்பத்திரியின் குழந்தை டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார்.

காட்டுவதற்கு வாண்டுவின் தோல் வேண்டும். முதல் தடவை டாக்டர் கையில் குத்தி ஒரு துணுக்கு எடுத்தார். அதிலிருந்து கொஞ்சமே கொஞ்சம் செல் வளர்ந்தது. பட்டினி போட்ட இரண்டாம் நாளே அத்தனையும் உதிர்ந்து மிதந்துவிட்டது. ‘பாவம், இந்தக் குழந்தையோட செல் பசி தாங்காது’ என்று மூன்றாம் மாடியே முடிவு கட்டியது. மறுபடி வரச்சொன்னார்கள். இந்தத் தடவை காலில் குத்தினார்கள். துணுக்கை வாங்கிவரப் போயிருந்த அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு வாண்டு அழுத அழுகை அந்த வராந்தாவையே கலங்கவைத்தது.

“இதான் கடைசியா?” என்று விம்மலுக்கு நடுவே கேட்டாள்.

“இதான் கடைசி. இனிமே குத்த மாட்டோம்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

சத்தியம் செய்வது சுலபமாகத்தான் இருந்தது. குடுவையில் நீல நாடாவை ஒட்டும்போதுதான் அக்கா அதை இரண்டு தடவை பிரித்துப் பிரித்து ஒட்டினாள். இதுவும் செத்துப்போனால்? அன்று மாலை ஐந்தரை மணிக்கு, மற்றவர்கள் கிளம்பிய பிறகு, குளிர்பெட்டியிலிருந்து சீரம் புட்டியை எடுத்தாள். நாடாவைப் பார்க்காதவள் போலப் பார்வையைச் சுவரில் வைத்துக்கொண்டு, பட்டினிக் குடுவைக்குள் நான்கே நான்கு சொட்டு விட்டாள். மறுநாள் மாலையும் நான்கு. அதற்கு மறுநாளும் நான்கு. பத்தொன்பது வருடம் காத்த சட்டம் மூன்று நாளில் பன்னிரண்டு சொட்டில் கரைந்துபோனது.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத செல்லும் ஒன்று வேண்டுமல்லவா? அதற்குப் புரொபசர் தன் தோலையே கொடுத்திருந்தார். கொடுத்த கதையை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டும் இருந்தார். அவருடைய செல்லும் பக்கத்திலேயே நீல நாடாவோடு பட்டினி கிடந்தது. அதற்கு ஒரு சொட்டுக்கூட விடவேண்டும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை.

ஆராய்ச்சியைச் செய்தது சிட்டு. ஐந்தாவது வருட மாணவி. வாய் ஓயாமல் கீச்சிடுவதால் வந்த பெயர். பட்டினி முடிந்ததும் அவள் இரண்டு குடுவைச் செல்லையும் அரைத்து, புரதத்தைப் பிரித்து, மெல்லிய தாளில் ஏற்றி, படம் எடுக்கும் எந்திரத்தில் வைத்தாள். விழித்திருக்கும் புரதம் இருந்தால் தாளில் கறுப்புக் கோடு விழும், தூங்கிவிட்டால் வெறுமைதான். புரொபசரின் இடத்தில் வெறுமை. வாண்டுவின் இடத்தில் மை தீட்டியது போல ஒரு கோடு.

புரொபசருக்குத் தலைகால் புரியவில்லை. “பாருங்க அக்கா, பட்டினியிலயும் முழிச்சுக்கிட்டு நிக்குது பாருங்க!” என்று அந்தப் படத்தை அக்காவின் மூக்குக்கு நேரே ஆட்டினார்.

“ஆமா சார், நல்லா முழிச்சுக்கிட்டுதான் இருக்கு” என்றாள் அக்கா. பன்னிரண்டு சொட்டு குடித்த செல் முழித்துக்கொண்டு நிற்காமல் என்ன செய்யும்?

வாரக் கடைசியில் குழந்தை டாக்டரிடமிருந்து பதில் வந்தது. இன்னும் ஒருமுறை செய்து இதே முடிவு வந்தால் மாத்திரையைத் தொடங்கிவிடலாமாம். அதைப் படித்ததிலிருந்து அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தப் புரதம் குற்றமற்றது என்றால், தன்னுடைய சொட்டுக்களை நம்பி அந்தக் குழந்தை வாயெல்லாம் புண்ணாகி வீணுக்கு ஒரு மாத்திரையை விழுங்கப் போகிறது. உண்மையைச் சொன்னால் வேலை போகும், சிட்டுவின் ஐந்து வருடமும் போகும். அக்கா நல்லவள்தான். ஆனால் தைரியசாலி என்று யாரும் அவளைக் குற்றம் சாட்ட முடியாது. கடைசியில் கமுக்கமாக ஒரு வழி கண்டுபிடித்தாள். இந்த இரண்டாம் தடவை ஒரு சொட்டுக்கூட விடுவதில்லை. செல் நேர்மையாகப் பட்டினி கிடக்கட்டும், கோடு விழாமல் போகட்டும், மாத்திரை தானாக நின்றுவிடும், தன் வாயும் மூடியபடியே இருக்கும்.

வாண்டுவின் மிச்சச் செல் அத்தனையும் அந்தக் குடுவையில் போனது. நீல நாடா ஒட்டி, தன் கையையே நம்பாதவளாக, திரவம் நிற்கும் மட்டத்தில் பேனாவால் சின்னதாக ஒரு கோடும் போட்டுவைத்தாள்.

மறுநாள் மாலை குடுவையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது திரவம் கோட்டுக்கு மேலே நின்றது.

அக்கா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். பட்டினி கிடப்பவற்றின் களையே இல்லை. ஒவ்வொரு செல்லும் கொழுகொழுவென்று கால் நீட்டிப் படுத்திருந்தது. பக்கத்துக் குடுவையில் புரொபசருடையது மட்டும் ஒட்டி உலர்ந்து கிடந்தது. யாரோ ஊட்டுகிறார்கள். தான் செய்தபோது இரக்கமாகத் தெரிந்த வேலை, அடுத்தவர் செய்கிறார் என்றதும் அயோக்கியத்தனமாகத் தெரிந்தது. “என் ரூம்ல எவ எனக்குத் தெரியாம கை வைக்கிறா?” என்று பல்லைக் கடித்தாள்.

அதற்கு மறுநாள் மதியம் சாப்பாட்டுக்குப் போவது போலப் போக்குக் காட்டிவிட்டுத் திரும்பிவந்து, குளிர்பெட்டிக்கும் சிலிண்டர்களுக்கும் நடுவில் இருந்த இடுக்கில் நுழைந்துகொண்டாள். அவள் உடம்புவாகுக்கு அந்த இடுக்கு கொஞ்சம் அதிகப்படியான கனவு. மூச்சை உள்ளிழுத்தால்தான் நிற்க முடிந்தது.

கதவு திறந்தது. வந்தது சிட்டு. சுற்றும் முற்றும் பார்த்தாள். பெட்டியைத் திறந்து வாண்டுவின் குடுவையை எடுத்து மேசைமேல் வைத்தாள். சீரம் புட்டியை எடுக்கக் குளிர்பெட்டிக்கு வந்தவள், இடுக்கில் இரண்டு கண்கள் தன்னையே முறைப்பதைக் கண்டு ‘ஐயோ’ என்று அலறக்கூட முடியாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“என்னடி இது?” என்றாள் அக்கா, இடுக்கிலிருந்து பாதி வெளியே வந்தபடி.

“அக்கா... கத்தாதீங்க அக்கா. ரெண்டே ரெண்டு சொட்டுதான். அந்தக் கைத்தோலு செத்தப்பவே எனக்கு உயிரு போயிருச்சு. இதுவும் போச்சுன்னா அந்தப் பொண்ணை மறுபடி குத்துவாங்க. நீங்க வேற சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கீங்க...”

“என் சத்தியத்தை ஏன்டி இதுல இழுக்குற? எப்பல இருந்து?”

“போன தடவையும்தான். காலையில நீங்க வர்றதுக்கு முன்னாடி. இன்னைக்குதான் லேட்டாயிருச்சு.” சிட்டு மூக்கை உறிஞ்சினாள். “நீங்க சொல்லிக் குடுத்துருவீங்களா?”

அக்கா வாயைத் திறந்தாள். சொல்ல நிறைய இருந்தது. மாலை ஐந்தரை மணியின் நினைவு குறுக்கே வந்து நின்றதால் ஒன்றும் வெளியே வரவில்லை. அதற்குள் வராந்தாவில் காலடிச் சத்தம். இருவரும் ஒரே நேரத்தில் இடுக்குக்குள் பாய்ந்தார்கள். தனியாகவே அங்கே நிற்க முடியாத அக்கா, சிட்டுவையும் சேர்த்து எப்படி உள்ளே அடைந்தாள் என்பது அறிவியலுக்கே வெளிச்சம்.

வந்தவர் புரொபசர். ஒரு கையில் மட்டும் கையுறை. பதினைந்து வருடமாக நாற்காலியில் இருந்து கையெழுத்து மட்டுமே போட்டவர் என்பதால், சொட்டு விடும் குழாயைப் பேனா மாதிரி பிடித்திருந்தார். மேசைமேல் வாண்டுவின் குடுவை தயாராக இருந்ததைக் கண்டு ஆச்சரியப்படவும் இல்லை. அதன் மூடியைத் திறந்து, “குடிம்மா, குடி” என்று முணுமுணுத்தார்.

“சார்!” என்று இடுக்கிலிருந்து இரட்டைக் குரல் எழுந்தது.

புரொபசர் துள்ளிய துள்ளலில் குழாய் ஒரு பக்கமும் கையுறை இன்னொரு பக்கமும் போனது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அசடு வழிவதில் யார் பெரியவர் என்று சொல்வது கஷ்டமாக இருந்தது.

“நான் சும்மா... மேற்பார்வை பண்ணலாம்னு...” என்றார் புரொபசர்.

“மேற்பார்வை பண்றவங்க ‘குடிம்மா’ன்னு சொல்வாங்களா சார்?” சிட்டு கேட்டாள். பயம் போனதும் அவளுக்குக் கீச்சுக்குரல் திரும்பிவிட்டது.

அவர் முக்காலியில் உட்கார்ந்தார். “அந்தத் தையல்காரம்மா என்கிட்ட வந்து, ‘ஐயா, மறுபடி குத்தாம பார்த்துக்குங்க’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாங்க. நான் என்ன பண்ணுவேன்? மத்தியானம் ஒரு சொட்டு. தினமும் ஒண்ணே ஒண்ணு.”

“பக்கத்துலயே உங்க செல் காஞ்சு கெடக்கு. அதுக்கு?”

“அதுக்கென்ன கேடு? அது தானா பிழைச்சுக்கும்” என்றார் புரொபசர் கோபத்தோடு.

காலையில் சிட்டு, மதியம் புரொபசர், மாலையில் அக்கா. பட்டினிக் குடுவை மூன்று வேளையும் நேரம் தவறாமல் சாப்பிட்டிருக்கிறது. அக்காவின் வீட்டுக்காரருக்கே அந்த வசதி கிடையாது. அவள் தன் பங்கையும் சொல்லி முடித்தபோது யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவர்கள் கறுப்புக் கோடு என்று கொண்டாடியது மூன்று பேரின் திருட்டுத்தனத்தின் மொத்தக் கணக்கு. செல்லும் இனி மிச்சமில்லை. உண்மை தெரிய வேண்டுமென்றால் வாண்டுவை மறுபடி குத்த வேண்டும்.

“நான் நாளைக்கு டெல்லி... இல்ல, ஒரு கூட்டம் இருக்கு” என்று எழுந்தார் புரொபசர்.

“உக்காருங்க சார்” என்றாள் அக்கா. அவர் உட்கார்ந்தார். “சத்தியம் பண்ணது நான். நான்தான் சொல்லணும். ஆனா நீங்க ரெண்டு பேரும் என் பின்னாடி நிக்கணும். ஒருத்தரும் நழுவக்கூடாது.”

நழுவவில்லை. ஆஸ்பத்திரியில் அக்கா எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள். குழந்தை டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். தையல்காரி அமைதியாகக் கேட்டுவிட்டு எழுந்து நின்றாள்.

“நீங்க சொல்லாம விட்டிருந்தா என் பிள்ளைக்கு மாத்திரை குடுத்திருப்பீங்க. இல்லையா?”

“குடுத்திருப்பாங்கம்மா” என்றாள் அக்கா.

“பாவம் பார்த்தீங்களாம். யாருக்குப் பாவம் பார்த்தீங்க? எம்பொண்ணுக்கா, இல்ல அவ அழுதா உங்களுக்குத் தாங்காதேன்னு உங்களுக்கேவா?”

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பதில் தெரிந்ததால்தான் அவ்வளவு வலித்தது. வாண்டு பெரியவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பிறகு தானாகவே போய்க் கட்டிலில் ஏறிப் படுத்து வலது காலை நீட்டினாள். குத்தும்போது அழவில்லை. அக்கா கையைப் பிடிக்கப் போனபோது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அன்றும் பேசவில்லை, அதற்குப் பிறகு அக்கா பார்க்கப் போன மூன்று ஞாயிற்றுக்கிழமைகளிலும் பேசவில்லை. சிட்டு மட்டும் போன நாளில் ஒரு மணி நேரம் வாயடித்தாளாம். அதைக் கேட்டு அக்கா வீட்டில் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினாள்.

செல் வளர நான்கு வாரமானது. இந்தத் தடவை பட்டினிக்கு ராணுவப் பாதுகாப்பு. அறைச் சாவி சிட்டுவிடம், பெட்டிச் சாவி புரொபசரிடம், குளிர்பெட்டிச் சாவி அக்காவிடம். மூன்று பேரும் சேர்ந்தால்தான் உள்ளே போக முடியும், ஒருவர் தும்மினாலும் மூவரும் வெளியே வர வேண்டும். சீரம் புட்டியின் மட்டத்திலும் கோடு, குடுவையின் மட்டத்திலும் கோடு. மூவரும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு ஒருவரை ஒருவர் கண்காணித்தார்கள்.

இரண்டாம் நாள் நுண்ணோக்கியில் பார்த்த அக்கா நிமிர்ந்தபோது அவள் முகம் சிவந்திருந்தது.

“யாரு போட்டது?”

“என்னது?” என்றாள் சிட்டு.

“உண்மையைச் சொல்லிருங்க. உங்களது காஞ்சு கெடக்கு சார். இது மட்டும் தளதளன்னு இருக்கு. யாரு போட்டது?”

“சாவி உங்ககிட்டதானே அக்கா இருக்கு!” என்றார் புரொபசர். “நீங்கதான் பழகின கை!”

“யாரைப் பார்த்துப் பழகின கைங்குறீங்க? பேனா மாதிரி குழாய் பிடிக்கிறவரு பேசுற பேச்சா இது?”

பத்து நிமிடம் ரகளை. பிறகு மட்டங்களைச் சரிபார்த்தார்கள். புட்டியில் ஒரு சொட்டு குறையவில்லை. குடுவையில் ஒரு சொட்டு கூடவில்லை. சத்தம் மெதுவாக அடங்கியது.

மூன்றாம் நாள் முடிந்ததும் சிட்டு அரைத்தாள், பிரித்தாள், தாளில் ஏற்றினாள். எந்திரத்தின் முன்னால் மூவரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். புரொபசரின் இடத்தில் வெறுமை. வாண்டுவின் இடத்தில் முதலில் சாம்பலாக ஒரு நிழல் வந்தது. நிழல் கறுத்தது. கறுத்து, போன தடவை பார்த்த அதே கனத்தில் ஒரு கோடாக வந்து நின்றது.

அக்கா போய்ப் பழைய காகிதக்கட்டைப் பிரித்து, கைத்தோலோடு வந்த படிவத்தை முதல் முறையாகப் பின்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ‘எடுத்த இடம்: இடது கை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. கைத்தோல் என்பது எல்லோருக்கும் தெரியும், அதன் அர்த்தத்தை மட்டும் யாரும் யோசிக்கவில்லை. கோளாறு காலில் மட்டும்தானே? கையில் இருந்தது எல்லாரையும் போல ஒழுங்கான செல். பட்டினி போட்டால் வாடுகிற செல், அதுவும் கொஞ்சமே இருந்ததால் உதிர்ந்துபோனது. அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டுதான் ‘இந்தக் குழந்தையின் செல் பசி தாங்காது’ என்று மூன்றாம் மாடியே ஒப்பாரி வைத்தது. கால் செல்லோ பசி என்றால் என்னவென்றே அறியாதது. யாரும் வாசலில் தட்ட வேண்டாம், யாரும் எதையும் ஊட்ட வேண்டாம், அது பாட்டுக்கு வளரும். அதுதானே அதன் வியாதி! அந்தக் கட்டடத்திலேயே சாப்பாடு தேவைப்படாத ஒரே செல்லைப் பார்த்துப் பார்த்து, மூன்று பெரிய மனிதர்கள் மூன்று வேளையும் ஊட்டியிருக்கிறார்கள்.

“என் செல்தான் நிஜமா பசியில கெடந்திருக்கு” என்றார் புரொபசர் மெல்லிய குரலில். அவருக்கு அப்போதுதான் தன்மேல் இரக்கம் வந்தது.

டாக்டர் அந்தப் படத்தை இரண்டு நாள் வைத்திருந்தார். மூன்று பேரிடமும் தனித்தனியாகக் குறுக்கு விசாரணை செய்தார். பிறகே மாத்திரைக்கு எழுதினார்.

முதல் மாத்திரை கொடுக்கும் காலையில் அக்கா லீவு போட்டுவிட்டுப் போனாள். தையல்காரி அவளைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள். அதுவே பெரிய விஷயம். வாண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். கேட்பாரில்லாவிட்டாலும் சொல்லித்தான் ஆக வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

“உன் கால்ல இருக்கே செல்லு, அதுக்குப் பசியே தெரியாதுடா. சாப்பாடு போட்டாலும் வளரும், போடாட்டியும் வளரும். உள்ள ஒருத்தன் தூங்காம முழிச்சுக்கிட்டு ‘வளரு வளரு’ன்னு சொல்லிக்கிட்டே இருக்கான். அவனைத் தூங்க வைக்கத்தான் இந்த மாத்திரை. வாயில கொஞ்சம் புண்ணு வரலாம். வந்தா வந்துச்சுன்னு சொல்லணும், மறைக்கக்கூடாது.”

ஜன்னல் பக்கமிருந்து, தலையைத் திருப்பாமலே ஒரு குரல்.

“அப்போ நீங்க மூணு பேரும் திருட்டுத்தனமா போட்டது?”

“வேஸ்ட்டு.”

“எல்லாமே?”

“எல்லாமே.”

வாண்டு இப்போது திரும்பினாள். உதட்டை இறுக்கி வைத்திருந்தாள். அது நடுங்கியது, விலகியது, பல் போன இடத்தின் ஓட்டை தெரியச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. “அந்த... அந்தச் சாருமா? அவரு பெரிய சார்தானே?” என்று விக்கலுக்கு நடுவே கேட்டாள்.

“பெரிய சார்தான். ‘குடிம்மா’ன்னு சொல்லிச் சொல்லி ஊட்டினாரு.”

அடுத்த ஐந்து நிமிடம் அவளுக்கு மாத்திரை கொடுக்க முடியவில்லை. தையல்காரிகூட முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது. அக்காவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் நீர் கோர்த்ததை அவள் துடைக்கவில்லை, துடைத்தால் தெரிந்துவிடும்.

விக்கல் நின்றதும் வாண்டு மாத்திரையை வாயில் போட்டாள். ஒரு தம்ளர் தண்ணீரையும் குடித்து முடித்து, தம்ளரை அக்காவின் கையில் கொடுத்தாள்.

“வலிக்காதுல்ல?” என்று கேட்டாள்.

“வலிக்காதுடா, சத்...”

“வேணாம்” என்று வாண்டு சட்டென்று அவள் வாயைப் பொத்தினாள். “நாளைக்கும் நீங்களே வாங்க. ஆனா சத்தியம் மட்டும் பண்ணாதீங்க.”